ஐம்பத்தெட்டாம் நம்பர் மருதம்

சாத்தன்கரையிலிருந்து ஆற்றுப்பாலம் வரைக்கும் போகிற ஆறு மைல் சாலையில் நின்ற ஐம்பத்தெட்டு மரங்களும் இடம் மாறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. வேம்படி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்ற நாலு பெண்கள் யார் வீட்டு மருமகளைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தவர்கள், உச்சந்தலை சுட்டதும் நிமிர்ந்து பார்த்தார்கள். நிழலும் இல்லை, நிழலுக்கு மேலே இருக்க வேண்டிய வேப்பமரமும் இல்லை.

"மரத்த எங்கட்டீ?" என்றாள் ஒருத்தி.

"அந்தா நிக்குல்லா" என்றாள் இன்னொருத்தி. ஒரு பர்லாங் தள்ளி, ஊருக்குப் போகிற திசையில், மஞ்சள் துணி கட்டின அதே கொப்போடு அதே வேம்பு நின்றது. நாலு பேரும் பைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிழலில் நின்று, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். பஸ்காரரும் அங்கே வந்து நிறுத்தினார்.

அந்த மினிபஸ்ஸை ஓட்டினவர் ஞானதுரை. அவருடைய பெண்டாட்டி ஜெசிந்தா, அந்தச் சாலையின் பாதி வழியில் இருக்கிற ஊரின் பஜாரில், வீட்டின் முன்னறையிலேயே, ஸ்டூடியோ வைத்திருந்தாள். கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட், இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கிற கடைசிப் படம், எல்லாவற்றுக்கும் அவள்தான். பங்குனி மாதம், சாலையை நாலு வழியாக அகலப்படுத்தப் போகிறோம், வெட்டப்போகிற மரங்களுக்கு ஆளுக்கு ஒரு படம் ஃபைலில் இருக்க வேண்டும் என்று ஓர் அதிகாரி வந்து கேட்டார். மரத்தில் வெள்ளை பெயிண்டில் எழுதின நம்பர் தெரிய வேண்டும், அடிமரத்தைச் சுற்றி டேப் பிடித்த அளவு தெரிய வேண்டும், அவ்வளவுதான், கலை எல்லாம் வேண்டாம் என்றார் அவர்.

ஜெசிந்தாவும் அப்படித்தான் தொடங்கினாள். ஆனால் மூன்றாவது மரத்துக்குப் போனபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. நம்பர் எழுதியவர்கள் தார் ரோட்டைப் பார்த்த பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள், மரத்துக்கு முகம் வேறு பக்கம் இருக்கிறது. மணப்பெண்ணுக்கு எந்தக் கன்னம் எடுப்பு என்று இருபது வருஷம் பார்த்துப் பழகின கண் அவளுக்கு. மூன்றாம் நம்பர் இலுப்பையைச் சுற்றி நடந்து, வயல் பக்கம் இறங்கிப் பார்த்தால், அது இடுப்பில் கை வைத்துக்கொண்டு யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பின ஒரு நடுவயதுக்காரி. பதினொன்றாம் நம்பர் புளி, உள்ளே பொந்து விழுந்து, அந்தப் பொந்தைச் சுற்றிப் பட்டை உதடு மாதிரி மடிந்து, பல்லெல்லாம் போன பிறகும் சிரிப்பை விடாத கிழவன். இருபத்திரண்டும் இருபத்திமூன்றும் இரண்டு புங்கை, ஒட்டி நின்றாலும் ஒன்றின் கொப்பு மற்றதைத் தொடாமல், பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி. நாவல் மரத்துக்குக் காலை எட்டு மணி வெளிச்சம்தான் பொருந்தியது, வாகைக்குச் சாயங்காலம். பூவரசு எந்த வெளிச்சத்திலும் வெட்கப்பட்டது. அதிகாரிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு படம் எடுத்தாள். தனக்கென்று எடுத்த படத்துக்கு அரை நாள்கூடக் காத்திருந்தாள். பதினோரு நாள் அப்படிக் காத்திருந்து பார்த்ததில், அதுவரை மனிதர்கள் யாரையும் தான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

படங்களைக் கொடுத்து எட்டாம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை அதே பத்தேகாலுக்கு மரங்கள் இன்னொரு பர்லாங் நகர்ந்தன. வியாழக்கிழமையும் அப்படியே. நகர்வதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தே தீருவது என்று நின்றவர்களுக்கு அந்த நொடியில் கண்ணில் தூசி விழுந்தது, தும்மல் வந்தது, யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. பழைய வேட்டியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மரம் நின்ற இடத்தில் குழிகூட இருக்காது. ஈரமண் கொஞ்சம் பொதபொதவென்று இருக்கும், அதில் கோழிகள் போய்க் கிளறும்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலைமையாசிரியர் முதல் மணியைத் தள்ளிவைத்து, பத்திலிருந்து பத்தரை வரை பிள்ளைகள் யாரும் வெளியே வரக்கூடாது என்றார். மினிபஸ் பத்துமணிக்கு எங்கே இருக்கிறதோ அங்கே ஓரங்கட்டி நின்றது, பயணிகள் இறங்கிக் கடலை வாங்கித் தின்றார்கள். மின்சார வாரியத்து லைன்மேன் முத்தையா தினமும் காலையில் சைக்கிளில் போய், இன்றைக்கு எந்த மரம் எந்தக் கம்பியைத் தாண்டும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே கம்பியைக் கழற்றிவைத்தார், சாயங்காலம் போய் மாட்டினார். மஞ்சள் துணி கட்டின அந்த இசக்கியம்மன் வேம்பு நகர்ந்தபோது அம்மனும் கூடவே போய்விட்டாளா, பழைய இடத்திலேயே இருக்கிறாளா என்று இரண்டு நாள் சண்டை நடந்து, கடைசியில் பூசாரி இரண்டு இடத்திலும் விளக்குப் போட்டார். புளியமரம் தன் வயலுக்குள் வந்த அன்று அதன் புளியை உலுக்கிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று தளவாய் என்பவர் சொன்னார். மறுநாள் அது அடுத்தவர் வயலுக்குப் போனபோது அவரும் அதையே சொன்னார். யாராவது கடன் கேட்டாலும், பெண் கேட்டாலும், "பத்தேகால் ஆகட்டும், பாப்போம்" என்று சொல்வது வழக்கமாயிற்று.

ஞானதுரை ஒருவர்தான் ஒரு நாளைக்கு எட்டு நடை அந்தச் சாலையில் போய்வந்ததால், மற்றவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைத் தொடாமல் இருந்தார்.

"ஏட்டி ஜெசி, ஒண்ணு சொல்லுதேன், பயப்படாத. மரமெல்லாம் ஊரப் பாத்து வரல. நம்ம வீட்டப் பாத்து வருது."

"சும்மா இருங்க."

"எட்டு நடை பாக்கேன்லா. ரோடு வளையுத எடத்துல மரம் வளையல, நேரா வயல்ல எறங்குது. கோடு போட்டுப் பாத்தா எல்லாக் கோடும் இங்கதான் முடியுது."

ஜெசிந்தா சிரித்தாள். ஆனால் சனிக்கிழமை விடிந்ததும் தூத்துக்குடியில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். இரண்டு நாள் அங்கே இருந்தாள். இரண்டு நாளும் பத்தேகாலுக்கு ஐம்பத்தெட்டு மரமும் கிழக்கே திரும்பின. வாகை ஒன்று பருத்திக்காட்டின் நடுவில் போய் நின்றது, பூவரசு தண்டவாளத்தின் மேல் நின்றதில் பாசஞ்சர் ரயில் மூன்று மணி நேரம் விசில் ஊதிக்கொண்டு கிடந்தது. ஞானதுரை போன் செய்தார். "வந்துரு ஜெசி" என்றார்.

திங்கள்கிழமை அவள் திரும்பினாள். செவ்வாய்க்கிழமை மரங்களும் திரும்பின.

முதலில் வந்து சேர்ந்தது அந்த வேம்பு. ஒரு காலையில் துணி கிழிகிற சத்தம் கேட்டு ஜெசிந்தா ஸ்டூடியோ வாசலுக்கு வந்தால், பஜார் நடுவில், சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் இடையில் மஞ்சள் துணி ஆடிக்கொண்டிருந்தது. வேம்பின் முகம், அவள் இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்த முகம், நேரே அவளைப் பார்த்திருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இதுநாள் வரை அவள்தான் பார்க்கிறவள். பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் வேம்பு நகரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஞானதுரை டேப் எடுத்து அளந்தார். பத்தேகாலுக்கு ஜெசிந்தா வழக்கமாக உட்காருகிற கம்ப்யூட்டர் நாற்காலியிலிருந்து வேம்பின் அடிமரம் வரை முப்பத்தாறு அடி. ஜெசிந்தா கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தாள். லென்ஸ் எது, எவ்வளவு தூரத்தில் நின்றோம் என்பது அவளுக்கு மறக்காது. முப்பத்தாறு அடி.

"அப்போ, நான் எவ்வளவு தூரத்துல நின்னு எடுத்தேனோ, அவ்வளவு தூரத்துல வந்து நிக்கும்" என்றாள்.

"அம்புட்டுத்தானே. நிக்கட்டும்" என்றார் ஞானதுரை.

அவள் ஒவ்வொரு படமாகத் திறந்தாள். இலுப்பை இருபது அடி. அது உரக்கடைக்குள் வரும். நாவல் பதினைந்தடி, சைக்கிள் கடைக்குள். புங்கை இரண்டும் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுயம்புவின் அடுக்களையில். பொந்து விழுந்த புளியின் உதட்டை எட்டடியில் நின்று எடுத்திருந்தாள், அது இந்த அறைக்குள்ளேயே வரும். கடைசிப் படத்தைத் திறந்தபோது அவள் கை மவுஸிலிருந்து வழுக்கிவிட்டது.

ஆற்றுப்பாலத்து மருதம். ஐம்பத்தெட்டாம் நம்பர். நாலு ஆள் கை கோத்தாலும் சுற்றி வராத மரம். அதற்கு எங்கிருந்து பார்த்தாலும் முகம் அகப்படவில்லை என்று கடைசியில் அதன் இரண்டு வேர்களுக்கு நடுவில் மல்லாந்து படுத்து, தலையை அடிமரத்தோடு ஒட்டிவைத்து, மேலே பார்த்து எடுத்திருந்தாள். வெளுத்த அடிமரம் ஆகாயத்துக்குள் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிற படம். அவள் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

"அது எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் ஞானதுரை.

"தூரமே இல்ல" என்றாள் ஜெசிந்தா.

அடுத்த வாரம் புங்கை இரண்டும் வந்தன. சுயம்புவின் அடுக்களைச் சுவர் விழுந்தது. அவர் பெண்டாட்டி மாரிக்கனி அப்போதுதான் சோறு வடித்துவிட்டு வெளியே வந்திருந்தாள். பானை நசுங்கி, சோறு முழுக்க மண்ணாகிக் கிடந்தது. சாலைப் பணியை எடுத்திருந்த காண்டிராக்டரைக் கூப்பிட்டு ஊரார் சொன்னார்கள், எப்படியும் வெட்டப்போகிற மரம்தானே, இங்கேயே வெட்டிவிடுங்கள் என்று. அவர் மிஷின் ரம்பத்தோடு ஓர் ஆளை அனுப்பினார். பத்து நிமிஷ வேலை என்று சொல்லி அந்த ஆள் இலுப்பையிடம் போனான். அது அப்போது ஊர் எல்லையில் நின்றது. பத்து மணி தாண்டிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று முத்தையா சொன்னதை அவன் கேட்கவில்லை. ரம்பம் பாதி அடிமரத்துக்குள் இறங்கியபோது அவனுக்குத் தும்மல் வந்தது. தும்மி முடித்துப் பார்த்தால் கை வெறுங்கையாக இருந்தது. ஒரு பர்லாங் தள்ளி, பள்ளிக்கூட மைதானத்தில், இலுப்பை நின்றது. அதன் இடுப்புக்குள் ரம்பம் உறுமிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் தீருகிற வரைக்கும் முக்கால் மணி நேரம், வகுப்புக்குள் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அந்த உறுமலைக் கேட்டார்கள். அந்த ஆள் செருப்பைக்கூடப் போடாமல் ஊரைவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு யாரும் மரத்தில் கை வைக்கவில்லை. சாயங்காலம் மாரிக்கனி வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"ஜெசி, ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. எம் மவ கல்யாணத்துக்கு நீ எடுத்த படத்தத்தான் தினம் பாக்கேன். ஆனா நீ இங்க இருந்தா நாங்க இருக்க முடியாது தாயி."

"தெரியும்க்கா."

"எங்க போவ?"

ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை. பயம் அழுகைக்கு இடம் விடவில்லை. வெளியூர் எங்கே போனாலும் வழியில் இருக்கிற வீடும் தண்டவாளமும் பள்ளிக்கூடமும் அவள் கண் முன்னால் வந்து நின்றன. ஆள் இல்லாத இடமாக, அகலமாக, யாருக்கும் சொந்தமில்லாததாக ஓர் இடம் வேண்டும். "வண்ணான்குளம் காஞ்சுதானே கெடக்கு" என்றாள்.

வண்ணான்குளம் பத்து வருஷமாகத் தண்ணீர் பார்க்காத குளம். நாற்பது ஏக்கர் வெடித்த களிமண், அதில் ஒரு முள்செடிகூட நிற்கவில்லை. நடுவில் ஒரு கட்டில் போட்டு, தார்ப்பாய் கட்டி, குடமும் அடுப்பும் வைத்து, ஞானதுரையும் அவளும் அங்கே போனார்கள். பத்தேகாலுக்கு அவள் எந்த இடத்தில் இருந்தாலும் அந்த இடத்துக்குத்தான் மரங்கள் வரும் என்பதால், ஒரு செங்கலைப் புதைத்து அடையாளம் வைத்து, தினமும் அந்த நேரத்தில் அதன் மேல் போய் நின்றாள். காய்ச்சல் கண்ட நாளிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

மரங்கள் வந்தன. வேம்பு வந்து முப்பத்தாறு அடியில் நின்றது. காயம்பட்ட இலுப்பை ரம்பத்தோடு வந்தது. முத்தையா அதைப் பிடுங்கி எடுத்து, காயத்தில் சாணியும் களிமண்ணும் அப்பிவிட்டார். அண்ணன் தம்பி புங்கைகள் வந்து, இங்கேயும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. பொந்துப் புளி எட்டடியில் வந்து நின்றது. ஒவ்வொரு மரமும் முகத்தை உள்ளே திருப்பி, அவளைச் சுற்றி, வட்டமாய் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரார் மாலையில் சோறும் மோரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இன்னைக்கு எத்தன?" என்று கேட்டுப் போனார்கள். நாற்பது என்றாள். நாற்பத்தாறு என்றாள். ஐம்பத்தேழு என்று சொன்ன அன்று யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. குளத்தங்கரைக்கு வெளியே, ஊர்க் கோபுரத்தைவிட உயரமாக, மருதம் வந்து நின்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நாளைக்கு அதன் முறை.

"நாளைக்கு நாம இங்க இருக்க வேண்டாம்" என்றார் ஞானதுரை. "பஸ்ல ஏறுவோம். ஓடிக்கிட்டே இருப்போம். மரம் ஒரு நாளைக்கு ஒரு பர்லாங். நான் அம்பது மைல் ஓட்டுவேன்."

"எத்தன நாளைக்கு?"

"எத்தன நாளானாலும்."

"அது எத்தன வீட்டத் தாண்டி வரும்?" என்றாள் அவள். "நான் படுத்தது மாதிரியே படுத்தா, அது நின்னது மாதிரியே நிக்கும். அன்னைக்கு அந்த ரெண்டு வேருக்கு நடுவுல எனக்கு எடம் இருந்துச்சு. ஒரு விரக்கடை மாறாமப் படுக்கணும், அம்புட்டுத்தான்."

"மாறிட்டுன்னா?"



காலையில் அவர்கள் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். மேகம் எந்தப் பக்கம், சூரியன் எந்தப் பக்கம், கொப்பு எந்தப் பக்கம் பிரிகிறது என்று பார்த்து, தலை வடக்கே, கால் தெற்கே, இடது தோள் சற்று ஏறி என்று முடிவு செய்தார்கள். ஞானதுரை கரித்துண்டால் களிமண்ணில் கோடு போட்டார். படம் எடுத்த அன்றைக்கு உடுத்தியிருந்த சேலையையே ஜெசிந்தா உடுத்தியிருந்தாள். கேமராவை நெஞ்சில் வைத்தாள், அன்றும் அது அங்கேதான் இருந்தது. ஊர் முழுக்கக் கரையில் வந்து நின்றது. மாரிக்கனி வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள் ஜெசிந்தா.

"போவ மாட்டேன்."

"அன்னைக்கு நீங்க இல்லியே. படத்துல இல்லாத ஆளு இங்க இருந்தா எங்க நிப்பிய? போங்க."

அவர் போனார். நூறடி போய்த் திரும்பி நின்று, பார்க்க முடியாமல் மறுபடி திரும்பிக்கொண்டார். மணி பத்து பத்து. ஜெசிந்தாவுக்கு மேலே ஒன்றுமில்லாத ஆகாயம். முதுகுக்குக் கீழே வெடிப்பின் விளிம்பு குத்தியது. அசையக்கூடாது. உடம்பு தானாக நடுங்கியது. நடுங்குகிறதே, ஒரு விரக்கடை நகர்ந்திருக்குமோ என்று நினைத்து இன்னும் நடுங்கினாள். யேசுவே, யேசுவே என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு அதுவும் நின்று, அந்த மரத்தை மட்டும் நினைத்தாள். அதன் பட்டை எங்கே வெளுத்திருந்தது, எங்கே நரைத்திருந்தது, எந்தக் கொப்பில் தேன்கூடு, எந்த வேரில் எறும்பு வரிசை. அவள் கண்ணில் தூசி விழுந்தது.

சத்தம் இந்தத் தடவை துணி கிழிகிறது போல இல்லை. வீடு இடிகிறது போல இருந்தது. குளம் முழுக்கக் குலுங்கி, கரையில் நின்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஞானதுரை திரும்பினார். செங்கல் இருந்த இடத்தில் மருதம் நின்றது.

அவர் ஓடினார். வழியில் இரண்டு தடவை விழுந்தார். அடிமரத்தைச் சுற்றி ஓடி, தெற்குப் பக்கம் வந்தபோது, இரண்டு வேர்களுக்கு நடுவில், களிமண் நிறத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவர் மண்டியிட்டு அந்தப் பாதங்களைத் தொட்டார். அவை கூசி உள்ளே இழுத்துக்கொண்டன.

"தொடாதிய. எந்திரிக்க முடியல" என்றது உள்ளேயிருந்து குரல். "பின்னல் மாட்டிக்கிட்டு."

பின்னலின் பாதி வேருக்குக் கீழே போயிருந்தது. சுயம்பு வீட்டுக்கு ஓடித் தையல் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வெட்டினார். ஜெசிந்தா எழுந்து நின்றாள். அவளுக்கு மேலே எழுபது அடி மருதமும், சுற்றிலும் ஐம்பத்தேழு மரங்களும், எல்லாம் அவளைப் பார்த்தபடி, இலைகூட அசையாமல் நின்றன. அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, ஞானதுரையின் தோளைப் பிடித்தபடி, மரங்களுக்கு நடுவே நடந்து வெளியே வந்தாள்.

மறுநாள் பத்தேகாலுக்கு அவள் ஸ்டூடியோவில் இருந்தாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. குளத்தைப் பார்க்கப் போயிருந்த முத்தையா போனில், "அண்ணாச்சி, அப்படியே நிக்கு" என்றார். அடுத்த நாளும் அப்படியே நின்றன. வந்தாயிற்று, இனிமேல் எதற்கு நடக்க வேண்டும் என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. தலைமையாசிரியர் மணியைப் பழைய நேரத்துக்கு மாற்றினார். வெட்டுவதற்கு மரமே இல்லாத சாலை நாலு மாதத்தில் அகலமாயிற்று. அதிகாரி ஃபைலில் என்ன எழுதி முடித்தார் என்று தெரியவில்லை. ஐப்பசியில் வண்ணான்குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மரங்கள் அதற்குள் கால் நனைத்துக்கொண்டு நின்றன. ஊரார் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கட்டுச்சோறு கொண்டுபோனார்கள்.

ஜெசிந்தா மட்டும் போகவில்லை. கல்யாண வீட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதிக நேரம் பார்க்காமல், சட்டென்று படம் எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். படங்கள் சுமாராக வந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒரு மதியம் கீழத்தெருவிலிருந்து ஒன்பது பெண்கள் வந்தார்கள். புது பைபாஸ் அவர்கள் தெரு வழியாகப் போகிறதாம், ஒன்பது வீட்டுச் சுவரிலும் நேற்று வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்களாம். முன்னால் நின்றவள் பெயர் சந்தனமாரி, பீடி சுற்றுகிறவள், அதிகம் பேசாதவள்.

"படம் எடுக்க ஆபீஸ்காரன் ஒங்ககிட்டதான் வருவான் மதினி" என்றாள். "அவனுக்கு எப்படி வேணாலும் எடுத்துக் குடுங்க. எங்களுக்குன்னு ஒண்ணு நல்லா எடுங்க. அந்த மரத்த எடுத்தியள்லா, அப்படி."

ஜெசிந்தாவின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. ஒன்பது பெண்களும் அவளையே பார்த்தார்கள். ஓலை வீடு மூன்று, ஓட்டு வீடு ஐந்து, ஒன்று மட்டும் கான்கிரீட், அந்தத் தெருவை அவளுக்குத் தெரியும். உள்ளே ஆட்களோடு, அடுப்போடு, தொட்டிலோடு அவை ஒரு காலையில் புறப்படுவதை நினைத்துப் பார்த்தாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"எடுக்கேன்" என்றாள். "ஆனா ஒம்பது வீடும் வந்து நிக்குத மாதிரி, யாருக்கும் சொந்தமில்லாத எடம் ஒண்ணு மொதல்ல பாத்து வைங்க. நான் அங்க போயி நிக்கணும்."